படம் போன கார்டு

மெமரி கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு பதற்றத்தோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அதுக்கப்புறம் இந்தக் கார்டுல என்ன பண்ணீங்க?" என்பதுதான். படங்கள் எப்படிப் போயின என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். போனது தெரிந்த பிறகு அதே கார்டில் மேலும் படம் எடுத்தார்களா, லேப்டாப் கேட்டதற்கெல்லாம் ஓகே அழுத்தினார்களா, தெரிந்த தம்பி ஒருவர் ஏதாவது சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தாரா, இதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும். மீட்க முடியுமா முடியாதா என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். கார்டு ரிக்கவரி அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து ஊர் ஸ்டூடியோக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள், சொந்தக்காரர்கள் கொண்டுவருவார்கள். காதுகுத்து, சடங்கு, அறுபதாம் கல்யாணம் என்று எல்லாமே ஒரே ஒரு தடவை நடக்கிறவை. கார்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக மனம் வராமல் கடையிலேயே உட்கார்ந்துவிடுகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

டெலிட் செய்தால் படம் அழிவதில்லை. கல்யாண மண்டப மேனேஜரிடம் ஒரு நோட்டு இருக்கும். எந்த அறையில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று எழுதி வைத்திருப்பார். நோட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டால் அறையில் இருப்பவர்கள் அந்த நிமிஷமே காலி செய்துவிட மாட்டார்கள். ஆனால் அடுத்து வருகிறவருக்கு அந்த அறையின் சாவி போய்விடும். கார்டிலும் இதுதான் நடக்கிறது. கார்டில் இந்த நோட்டை எழுதி வைக்கும் முறை, 32 ஜிபி வரையுள்ளவற்றில் வழக்கமாக ஃபேட்32. அதில் ஒரு ஃபைலை அழித்தால், பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஈ5 என்ற ஒரு பைட் எழுதப்படும். ஃபைல் எந்தெந்தத் துண்டுகளில் இருக்கிறது என்ற சங்கிலி, அந்த நோட்டு மாதிரியான அட்டவணையிலிருந்து துடைக்கப்படும். படம் மட்டும் இருந்த இடத்திலேயே கிடக்கும். டிஎஸ்சி_0412 என்ற படத்தை மீட்கும்போது முதல் எழுத்து இல்லாமல் _எஸ்சி_0412 என்று வருவது இதனால்தான். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகளில் எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறை இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது. அதில் 'இது பயன்பாட்டில் இருக்கிறது' என்று சொல்லும் ஒற்றை பிட்டைத்தான் மாற்றுகிறார்கள். பெயர்கூட முழுசாக அங்கேயே இருக்கும்.

அடுத்து வருகிறவருக்குச் சாவி போவதுதான் ஆபத்து. அதே கார்டில் இன்னும் நாலு படம் எடுத்தால், அந்த நாலும் பழைய படங்களின் மேல்தான் உட்காரக்கூடும். "கார்டு வேலை செய்யுதான்னு பார்க்க ஒரே ஒரு படம் எடுத்தேன்" என்பார்கள். கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கிற ரா ஃபைல் ஒன்றே பல எம்பி. அதைவிடத் தெரியாமல் நடப்பது வேறு ஒன்று: கார்டை வேறு கருவியில் செருகினாலே அதில் ஏதாவது எழுதப்பட்டுவிடும். விண்டோஸ் தன் பங்குக்கு ஒரு 'சிஸ்டம் வால்யூம்' ஃபோல்டர் போடும். மேக் தேடலுக்காகச் சில மறைவான ஃபைல்களைப் போடும். ஆண்ட்ராய்டு ஃபோனில் செருகினால் தன் பெயரிலேயே ஒரு ஃபோல்டரை உருவாக்கிக்கொள்ளும். ஆக, ஒவ்வொருவர் கையாக மாறி மாறிச் செருகிப் பார்த்த கார்டு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இழந்துகொண்டே என்னிடம் வருகிறது.

கேமராவில் ஃபார்மட் செய்துவிட்டாலும் இதே நியாயம்தான். சாதாரண ஃபார்மட் அட்டவணையைத்தான் புதிதாக எழுதும். படங்கள் இருக்கும் பரப்பைத் தொடாது. ஆனால் கேனான் போன்ற சில கேமராக்களில் 'லோ லெவல் ஃபார்மட்' என்று தனியாக ஒரு டிக் உண்டு. அதைப் போட்டுச் செய்திருந்தால் உள்ளே எதுவும் மிஞ்சியிருக்கும் என்று நான் நம்பிக்கை கொடுப்பதில்லை.

சரி, கார்டு கையில் வந்துவிட்டது. முதல் வேலை, பக்கவாட்டில் இருக்கும் லாக்கைத் தள்ளுவது. இதிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்த லாக் வெறும் பிளாஸ்டிக் துண்டு. உள்ளே இருக்கும் சிப்புக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கார்டு ரீடர்தான் பார்த்துக்கொள்கிறது. மட்டமான ரீடர் அதைப் பார்க்காமலே எழுதிவிடும். அதனால் லாக்கை நம்பி நிற்காமல் உடனே கார்டை முழுசாக ஒரு இமேஜ் ஃபைலாக ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துவிடுவேன். படங்களைக் காப்பி செய்வது வேறு, இது வேறு. முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை, காலியென்று காட்டும் இடத்தையும் சேர்த்து அப்படியே உருவி எடுப்பது. இதற்கு நான் நம்புவது ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச சாஃப்ட்வேர். படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காது. தாண்டிப் போய் நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து கெட்ட இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எங்கே விட்டோம் என்று ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இமேஜ் எடுத்தாயிற்று என்றால் எனக்கு மூச்சு வரும். அதன் பிறகு எந்த சாஃப்ட்வேரை வேண்டுமானாலும் அந்த இமேஜின் நகலில் ஓட்டிப் பார்க்கலாம், தோற்றாலும் நஷ்டமில்லை.

"டிரைவை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் சொல்லும் கார்டுகள் நிறைய வருகின்றன. அட்டவணை கெட்டுப்போய் விண்டோஸுக்குப் புரியவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். அங்கே கேன்சல் அழுத்த வேண்டும். யூடியூபில் பார்த்துவிட்டு, விண்டோஸிலேயே வரும் செக்டிஸ்க்கை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செக்டிஸ்க்கின் வேலை அட்டவணையை ஒழுங்குபடுத்துவது. உங்கள் படங்களைக் காப்பது அதன் பொறுப்பில் இல்லை. ஒட்டாத துண்டுகளையெல்லாம் ஃபைல்0000 என்று பெயர் வைத்து ஒரு ஃபோல்டரில் கொட்டிவிட்டு, கார்டு சரியாகிவிட்டது என்று சொல்லும். அதையும் கார்டிலேயே எழுதிச் செய்யும். இமேஜ் எடுக்காமல் செக்டிஸ்க் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அட்டவணையே இல்லாதபோது என்ன செய்வது? படத்தை அதன் உருவத்தை வைத்துத் தேட வேண்டும். ஒவ்வொரு ஜேபெக் படமும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்களில்தான் தொடங்கும். எஃப்எஃப் டி9 என்று முடியும். கிரிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேர் இப்படித்தான் வேலை செய்கிறது. அட்டவணையைப் பற்றிக் கவலைப்படாமல், கார்டு முழுக்க இந்த மாதிரித் தொடக்கங்களைத் தேடிக்கொண்டே போகும். பெயரில் 'ஃபோட்டோ' இருந்தாலும் வீடியோ உட்பட நூற்றுக்கணக்கான வகை ஃபைல்களை அதற்குத் தெரியும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக இருப்பதால் பலர் பயந்துகொண்டு, டெலிகிராமில் கிடைக்கும் கிராக் போட்ட ரிக்கவரி சாஃப்ட்வேருக்குப் போகிறார்கள். தேவையே இல்லை. அம்புக்குறியையும் என்டரையும் அழுத்தத் தெரிந்தால் போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கச் சொல்லிவிடக் கூடாது.

இப்படி மீட்ட படங்களுக்குப் பழைய பெயர் இருக்காது. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணுமாக வந்து நிற்கும். ஃபோல்டரைத் திறந்தால் நலங்கும் ரிசப்ஷனும் சாப்பாட்டுப் பந்தியும் கலந்து கிடக்கும். ஆனால் படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்று ஒரு பகுதி இருக்கிறது. எடுத்த தேதி, நேரம், கேமரா மாடல் எல்லாம் அதில் உண்டு. பில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற கருவி அந்த நேரத்தைப் படித்து எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பெயர் வைத்துவிடும். காலை முகூர்த்தத்தில் தொடங்கி மறுவீடு வரை படங்கள் தங்கள் இடத்துக்கு வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கும்.

வீடியோ கதை வேறு. ஃபோட்டோவைவிட எனக்கு அதிகம் வருவதும் அதுதான்.

ஒரு முகூர்த்தம். மேடைக்கு எதிரே ஸ்டாண்டில் வைத்த மெயின் கேமரா, நீண்ட நேரம் ஓட வேண்டும் என்பதால் டம்மி பேட்டரி போட்டு மண்டபத்து பிளக்கிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் தொடங்கி, மாப்பிள்ளை இரண்டாவது முடிச்சுப் போடும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் வருவதற்குச் சில விநாடிகள். கேமரா அணைந்துவிட்டது. மறுபடி ஆன் செய்தபோது அந்த கிளிப் ஓடவில்லை. கேமராவை வைத்திருந்த தம்பி அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார். அந்தக் கார்டை உடனே வெளியே எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புதுக் கார்டைப் போட்டு மிச்ச நிகழ்ச்சியை எடுத்தார். யாரும் அவரைத் திட்டுவதற்கு முன்னால், யோசித்துப் பார்க்க நேரமில்லாத இடத்தில் செய்தது. அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு வீடியோ கிடைத்ததற்குக் காரணம் என் கம்ப்யூட்டரைவிட அந்தச் சட்டைப் பைதான்.

அந்த ஃபைலை, பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். எம்பி4 ஃபைல் பல பெட்டிகளாக இருக்கும். தொடக்கத்தில் இது எந்த வகை என்று சொல்லும் சின்னப் பெட்டி. அப்புறம் 'எம்டாட்' என்ற பெரிய பெட்டி. காட்சியும் ஒலியும் எல்லாம் அதற்குள்தான். 'மூவ்' என்று இன்னொரு பெட்டி இருக்க வேண்டும்: எந்த ஃபிரேம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த நேரத்தில் வர வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அதில் இருக்கும். இந்தக் கணக்கு ரெக்கார்டிங் முடியும்போதுதான் கேமராவுக்கு முழுசாகத் தெரியும். அதனால் பல கேமராக்கள் ஸ்டாப் அழுத்திய பிறகுதான் 'மூவ்' பெட்டியை எழுதுகின்றன. இங்கே ஸ்டாப் அழுத்தப்படவே இல்லை. 'எம்டாட்' கிடக்கிறது, கடைசி வரை தேடினாலும் 'மூவ்' இல்லை. தாலி கட்டும் காட்சி உள்ளேதான் இருக்கிறது, எந்த பிளேயருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை.

ஃபெடரிகோ பொன்கியோ எழுதிய அன்ட்ரங்க் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவி இந்தச் சிக்கலுக்கென்றே இருக்கிறது. அதற்கு ஒரு நல்ல கிளிப்பை மாதிரியாகக் கொடுக்க வேண்டும். அதே கேமரா, அதே ரெசல்யூஷன், அதே ஃபிரேம் ரேட், வீடியோவைச் சுருக்கும் அதே முறை, அதாவது அதே கோடெக். அந்த மாதிரியைப் பார்த்து, கெட்ட ஃபைலில் ஃபிரேம்கள் எங்கெங்கே தொடங்குகின்றன என்று கண்டுபிடித்து, காணாமல் போன கணக்கை அது புதிதாக எழுதும். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மாதிரி கிளிப் கேட்டால், வீட்டுக்குப் போய்ப் புதிதாக ஒன்று எடுத்து அனுப்புவார்கள். அதற்குள் 25 ஃபிரேம் 50 ஆகியிருக்கும், அல்லது ஃபுல் எச்டி 4கே ஆகியிருக்கும். அதே நாளில், அதே செட்டிங்கில் எடுத்த கிளிப்தான் சிறந்த மாதிரி. நல்லவேளையாக, காப்பு கட்டும்போது அதே கேமராவில் எடுத்த ஒரு சின்ன கிளிப் அந்தக் கார்டிலேயே இருந்தது.

ஓடவிட்டோம். முதலில் காட்சி வந்தது, ஒலி சற்றுப் பின்தங்கியது. ஒலித் துண்டுகள் எங்கே முடிகின்றன என்பதற்குத் தெளிவான அடையாளம் கிடையாது, அதனால் கருவி ஊகிக்க வேண்டியிருக்கிறது. இது அடிக்கடி நடக்கும். எடிட்டிங்கில் மேளத்தின் அடியைக் கையின் அசைவோடு ஒட்டிச் சரிசெய்துகொண்டேன். ஓமப் புகை, அட்சதைத் தட்டு சுற்றி வருவது, தவில்காரர் மேடையைப் பார்த்துக்கொண்டே கையை ஓங்கிய நொடி, முதல் முடிச்சு, எல்லாம் வந்துவிட்டது. கடைசிச் சில விநாடிகள் வரவில்லை. அவை கார்டுக்குப் போய்ச் சேராமல் கேமராவின் தற்காலிக மெமரியிலேயே நின்றவை. கரண்ட் போனதோடு அவையும் போயின. உலகத்தில் எந்த சாஃப்ட்வேராலும் அதைக் கொண்டுவர முடியாது. நாத்தனார் போட்ட மூன்றாவது முடிச்சு, முன்வரிசையில் இருந்த ஒரு சித்தியின் ஃபோனிலிருந்து வந்து சேர்ந்தது.

சில கேமராக்கள், முக்கியமாக கோப்ரோ, முடியாமல் நின்ற ஃபைலைத் தாங்களே சரிசெய்யும். அது நன்றாகவே செய்யும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதுவும் கார்டில் எழுதித்தான் செய்கிறது. அதனால் இமேஜ் எடுத்த பிறகு கேமராவில் போடுங்கள் என்பது என் வரிசை.

பாதிப் படம் சரியாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் ஃபைல் துண்டுபட்டுப் போனதன் அடையாளம். புதிதாக ஃபார்மட் செய்த கார்டில் கேமரா ஒன்றன் பின் ஒன்றாக வரிசையாக எழுதிக்கொண்டு போகும், அதனால் ஒவ்வொரு படமும் துண்டுபடாமல் தொடர்ச்சியாக இருக்கும், மீட்பது சுலபம். ஃபங்ஷன் நடுவில் கண் மூடிய படம், ஆடிப்போன படம் என்று கேமராவிலேயே டெலிட் செய்துகொண்டே போனால் நடுநடுவே குழிகள் விழும். கார்டு நிறைய நிறையப் பெரிய ஃபைல்கள் அந்தக் குழிகளுக்குள் துண்டு துண்டாகப் போய் உட்காரும். ஃபோட்டோரெக் மாதிரிக் கருவிக்கு முதல் துண்டு கிடைக்கும், மிச்சம் எங்கே என்று தெரியாது. இதனால் எங்கள் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்: ஃபங்ஷன் முடியும் வரை கேமராவில் எதையும் டெலிட் செய்யாதே. கார்டு நிறைந்தால் அடுத்த கார்டு. கழிப்பதெல்லாம் எடிட்டிங் மேசையில்.

போலிக் கார்டுகளைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை, வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். உள்ளே 16 ஜிபி சிப்பை வைத்துவிட்டு 256 ஜிபி என்று சொல்லும்படி, மெமரியை நிர்வகிக்கும் கன்ட்ரோலரைப் பொய் சொல்ல வைத்திருப்பார்கள். ஃபைல் பெயர்கள் தெரியும், அளவும் சரியாக இருக்கும், திறந்தால் உள்ளே எல்லாம் சுழியம். எழுதப்படாததை மீட்க முடியாது. ஆடி மாதம் கல்யாண வேலை இருக்காது என்பதால் அப்போது எல்லாக் கார்டுகளையும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சாஃப்ட்வேர் போட்டுச் சோதிப்பேன். கார்டை முழுசாக எழுதி நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். புதிதாக வாங்கிய கார்டையும் இதைச் செய்யாமல் ஃபங்ஷனுக்கு எடுத்துப்போக விடுவதில்லை.

எந்த ரீடரிலும் எழும்பாத கார்டு, தொட்டால் சுடுகிற கார்டு, உடைந்த மைக்ரோ எஸ்டி, இவை வந்தால் நான் தொடுவதில்லை. மைக்ரோ எஸ்டியில் கன்ட்ரோலரும் மெமரியும் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டிருக்கும். மேல் பூச்சை மெல்லச் சுரண்டி, உள்ளே இருக்கும் தொடுபுள்ளிகளில் முடி போன்ற கம்பிகளைப் பற்றவைத்து, மெமரியை நேரடியாகப் படிக்க வேண்டும். படித்தாலும் கன்ட்ரோலர் கலைத்துப் போட்டு எழுதியதைத் திரும்ப வரிசைப்படுத்த வேண்டும். பிசி-3000 ஃப்ளாஷ் போன்ற கருவி வைத்திருக்கும் லேப்களுக்கான வேலை அது. செலவாகும். அங்கே கொடுப்பதற்கு முன்னால் பணம் எப்போது கொடுக்க வேண்டும், மீட்ட ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவார்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபோன் கார்டுகளில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 6 வந்ததிலிருந்து, சில ஃபோன்களில் மெமரி கார்டை ஃபோனின் சொந்தச் சேமிப்பாகவே மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றினால் கார்டு என்கிரிப்ட் ஆகிவிடும், சாவி அந்த ஃபோனுக்குள் இருக்கும். ஃபோன் மந்தமாகிவிட்டது என்று ரீசெட் செய்தால் சாவி போய்விடும். கார்டு நல்ல நிலையில் இருந்தும் உள்ளே இருப்பது வெறும் குப்பை எழுத்தாகத்தான் தெரியும். ஃபோனின் உள் சேமிப்பிலிருந்து அழிந்தவையும் ஏறக்குறைய இதே கதைதான். அதனால் கூகுள் ஃபோட்டோஸின் குப்பைத் தொட்டியை முதலில் பாருங்கள்; பேக்கப் ஆன படங்கள் அங்கே 60 நாட்கள் இருக்கும். ஐஃபோனில் 'சமீபத்தில் நீக்கியவை' ஆல்பத்தில் 30 நாட்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை யாரும் பேசுவதில்லை. ஒரு கார்டை மீட்கும்போது நீங்கள் கேட்டது மட்டும் வராது. போன மாதக் கல்யாணம், அதற்கு முந்தைய வளைகாப்பு, யாரோ ஒருவர் வீட்டு அறையில் எடுத்த படம் என்று கார்டின் பழைய வாழ்க்கையும் சேர்ந்து வரும். 2018-இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய மெமரி கார்டுகள் 100 வாங்கிப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் முந்தைய சொந்தக்காரரின் தகவல்கள் கிடைத்தன. என்னிடம் வரும் கார்டில் அந்த நிகழ்ச்சியின் தேதிக்குள் வருகிற படங்களை மட்டும் பிரித்துக் கொடுப்பேன். மற்றதைத் திறந்துகூடப் பார்க்காமல் இமேஜோடு சேர்த்து அழித்துவிடுவேன். ஒரு பெண் கார்டைக் கொடுக்கத் தயங்கி நின்றால், பக்கத்தில் உட்காரச் சொல்லி அவர் கண் முன்னாலேயே வேலையைச் செய்வேன். ரிக்கவரிக்குக் கார்டு கொடுக்கும் எல்லோருக்கும் இப்படிக் கேட்க உரிமை இருக்கிறது. கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் கொடுக்காதீர்கள்.

முழுப் படம் வராவிட்டாலும் கைவிடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. பெரும்பாலான ரா ஃபைல்களுக்குள் ஒரு ஜேபெக் முன்னோட்டப் படமும் இருக்கும். பல கேமராக்களில் அது முழு அளவுப் படம். ரா கெட்டுப்போனாலும் அந்த ஜேபெக் தப்பித்திருக்கலாம், எக்ஸிஃப்டூல் அதை உருவித் தரும். ஜேபெக்கின் உள்ளேகூட 160க்கு 120 புள்ளிகளில் ஒரு குட்டிப் படம் இருக்கும். பிரிண்ட் போட முடியாது. ஆனால் போன வருஷம் தவறிப்போன தாத்தாவின் கடைசிப் படம் அது ஒன்றுதான் என்றால், அதையும் வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்.

அதுவும் இல்லையென்றால் வந்திருந்த விருந்தாளிகளின் ஃபோன்கள். இதில் நாள் கடத்தக் கூடாது; இடம் போதவில்லை என்று ஒவ்வொருவரும் அழித்துக்கொண்டே இருப்பார்கள். அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கேளுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த நேரத்தையும் எடுத்துவிடும். அதனால் கேலரியிலிருந்து அனுப்பாமல், டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். எப்படி என்று தெரியாத பெரியம்மாக்கள் இருந்தால் ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பி, கேபிள் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள்.